குளத்தின் மேல் ஒரு நாணயச்சாலை

புதிய நாணயச்சாலைக் கிளைக்குத் தில்லியின் வடமேற்கு ஓரத்தில் இருபத்திரண்டு ஏக்கர் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று, சாந்தகுமாரி லோதி ரோடு அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். சாத்தூர்க்காரி. சிவில் இன்ஜினியராக இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவளிடம் வேலை கற்றவர்களெல்லாம் அவளைத் தாண்டி மேலே போயிருந்தார்கள். கணவன் போன பிறகு மகள் ஷ்ருதியைப் படிக்கவைத்து குர்காவ்னில் வேலைக்கும் அனுப்பியாயிற்று. இனி தனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியிருந்த சமயத்தில்தான், கட்டிடத்தை யார் எழுப்பிக் கொடுக்கிறார்களோ அவர்களே கிளையின் முதல் பொது மேலாளர் என்று டைரக்டர் மெஹ்ரா சொன்னார். அவள் நம்பினாள்.

இயந்திர வேலைக்கு வேறொரு நாணயச்சாலையிலிருந்து தட்சிணாமூர்த்தியை வரவழைத்தார்கள். கோவில்பட்டிக்காரர். நாணயம் அடிக்கும் இயந்திரங்களோடு முப்பத்து நான்கு வருஷம் கழித்தவர். பிறர் முன்னால் அவளை மேடம் என்பார். தனியே பேசும்போது தங்கச்சி என்பார். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

மண் பரிசோதனைக்கு வந்த கம்பெனி மூன்று மூலைகளில் துளை போட்டு எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிற்று. தட்சிணாமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. ஜனவரிப் பனியில் இரண்டு ஆட்களை வைத்து நாலாவது மூலையில் தானே குழி வெட்டினார். பதின்மூன்று அடிவரை செங்கல் உடைசலும் பிளாஸ்டிக்குமாக வந்தது. அதற்கும் கீழே கறுத்த சேறு. பக்கத்துக் கிராமத்தில் தன் அரைகுறை ஹிந்தியில் விசாரித்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்புவரை அங்கே எருமைகள் குளித்தன என்றார்கள்.

“தங்கச்சி, இது தரையில்ல, குளம். குப்பையக் கொட்டி மூடியிருக்காங்க. நிமிஷத்துக்கு எழுநூறு காசு அடிக்கிற மிஷின இது மேல வச்சா மூலை இறங்கிரும். ஆழமா தூண் இறக்கணும், இல்லைன்னா மிஷின் கூடத்த மேக்கால தள்ளணும்.”

ஏழு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தார். பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், முதலில் டைரக்டரிடம் பேசிவிடுகிறேன் என்றாள் அவள். அவரும் சரி என்றார். நகல்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மெஹ்ரா ஏழு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். அடிக்கல் நாட்ட மந்திரியின் தேதி வாங்கியாகிவிட்டது. தூண் இறக்குவதென்றால் எட்டு மாதம். வரைபடத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து அனுமதி. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். இது பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். “அச்சா” என்று காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு டீ சொன்னார்.

அவள் அதைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். தளம் எப்படியும் கனமாகத்தான் போடுவார்கள், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தட்சிணாமூர்த்தி மூன்று தடவை கேட்டார். டிசைன்காரர்கள் உங்கள் கணக்கையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள் அண்ணாச்சி என்று மூன்று தடவையும் சொன்னாள். அந்த வார்த்தையை நம்பி, அடித்தளம் தகுதியானது என்ற சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட்டார். கட்டிடம் எழும்பியதும் இயந்திரங்களைப் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டுத் தன் பழைய நாணயச்சாலைக்குத் திரும்பினார்.

இயந்திரங்கள் ஐந்து மாதம் ஓடின. மழைக்காலத்தில் மூன்றாம் இயந்திரத்தின் கீழே தரை ஒரு பக்கமாக இறங்கியது. இயந்திரம் உதறியது. அச்சு உடைந்து, தெறித்த எஃகுத் துண்டு தடுப்பைத் துளைத்துக்கொண்டு சுரேந்தர் என்ற பீகார்க்காரனின் இடது கண்ணில் பாய்ந்தது. அவனுக்கு முப்பத்தொரு வயசு. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று பார்த்தார்கள். ஓய்வு பெற நாற்பது நாள் இருந்த தட்சிணாமூர்த்திக்குக் குற்றப்பத்திரிகை போயிற்று. ரயிலில் வந்து, விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாந்தகுமாரியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“நான் அறிக்கை கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்.”

அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று உள்ளே போகும்வரை அவளுக்கே தெரியாது.

உள்ளே மூன்று அதிகாரிகள். மேஜையின் மறுகோடியில் தட்சிணாமூர்த்தி. நாலாவது மூலையைப் பற்றி எழுத்தில் ஏதாவது எச்சரிக்கை வந்ததா என்று தலைவர் கேட்டார். அவளைப் பொது மேலாளராக்கும் கோப்பு அந்த வாரம் மெஹ்ராவின் மேஜையில் இருந்தது.

“எழுத்தில் எதுவும் என்னிடம் வரவில்லை” என்றாள் சாந்தகுமாரி. குரல் பிசகவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறாரா என்று தலைவர் தட்சிணாமூர்த்தியிடம் கேட்டார். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“வேண்டாம் சார். அவங்களுக்குத் தெரியும்.”

மாலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவரைத் தேடிப் போனாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தக் காகிதம் இருக்கா? கிழிச்சுப் போட்டுட்டீங்களா?”

“இருக்கு அண்ணாச்சி.”

“இருக்குன்னு என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?” என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாளே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்கு மறுநாளும் நினைத்தாள். மூன்றாம் நாள் ஏழு பக்கங்களையும் சமையலறையில் ஒவ்வொன்றாகக் கொளுத்திச் சாம்பலைத் தொட்டியில் கழுவி விட்டாள். தட்சிணாமூர்த்தியை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு, ஓய்வு பெற மூன்று நாள் இருக்கும்போது வந்தது. அடுத்த வாரம் இவளுடைய நியமன உத்தரவு. ஷ்ருதி கேக் வாங்கி வந்து, “அம்மா, ஐ ஆம் ஸோ ப்ரௌட் ஆஃப் யூ” என்று கட்டிக்கொண்டாள்.

பொது மேலாளராக அவள் செய்த முதல் காரியம், சுரேந்தரின் தம்பிக்குக் கிளையில் காவலாளி வேலை போட்டுக் கொடுத்தது. விஷயம் தெரிந்ததும் சுரேந்தர் மனைவியையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். இவள் தடுப்பதற்குள் குனிந்து காலைத் தொட்டுவிட்டான். அந்த மதராஸிக் கிழவன் பொய்க் கையெழுத்துப் போட்டு என் வாழ்க்கையைக் கெடுத்தான், நீங்கள்தான் தெய்வம் மாதிரி வந்தீர்கள் என்று ஹிந்தியில் சொன்னான். அந்தக் கிழவன் உருப்பட மாட்டான் என்றாள் அவன் மனைவி.

சாந்தகுமாரி வாயைத் திறந்தாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால், பிறகு யார் என்று அவன் கேட்பான். உட்காருங்கள் என்று மட்டும் சொன்னாள். மணியடித்து, இருவருக்கும் டீ கொண்டுவரச் சொன்னாள்.