குழியின் கண்

மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்சனோடு சண்டிலிப்பாய்க்குத் திரும்பிய அருளம்பலம், தன் குறிச்சியில் முதன்முதலாகக் கக்கூசு கட்டிய மனிதர். கட்டினாரே, அதோடு சும்மா இருந்தாரா? குளிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் சீமெந்துக் கான் வழியாக அந்தக் கக்கூசுக் குழிக்குள்ளேயே விட்டார். வளவில் ஒரு சொட்டு அழுக்கு நிற்கக்கூடாதாம்.

குழி வெட்டிய ஏரம்பு பரம்பரைக் கிணறுவெட்டி. எட்டடியில் கல்லில் ஒரு வெடிப்பைக் கண்டதும் துள்ளிக் குதித்தான். கிணற்றில் வெடிப்புக் கண்டால் ஊற்றுக்கண் திறந்துவிட்டது என்று தேங்காய் உடைக்கிற ஊர் அல்லவா? அந்தப் பழக்கத்தில் இதற்கும் உடைத்தார்கள். "ஐயா, உந்தக் குழி உங்கடை சீவியத்திலை நிரம்பாது," என்றான் ஏரம்பு. சொன்னது சரிதான். எவ்வளவு ஊற்றினாலும் கண் மூடித் திறக்கமுன் போய்விடும். எங்கே போகிறது என்று மட்டும் ஒரு மனுஷரும் கேட்கவில்லை.

அருளம்பலத்தின் மனைவி மீனாம்பிகைக்கு அந்தக் குழியில் கணவரைவிடப் பெருமை. வேலிக்கு அப்பால் இருந்த குணலட்சுமி வீட்டுக்கும் இவர்களுக்கும் ஒரே பங்குக் கிணறு. குணலட்சுமியின் மகள் பராசக்தி நெருப்புக் காய்ச்சலில், அதுதான் தைபோயிட்டில், விழுந்தபோது, பனங்கூடலுக்குள் ஒதுங்குகிறவர்களுக்கு வேறென்ன வரும் என்று கிணற்றடியில் நாலுபேர் கேட்கச் சொன்னவள் இவள்தான். வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாள். தன் வீட்டில் ஒருவருக்கும் தலையிடிகூட இல்லை என்றும் சொன்னாள். மலாயாப் பழக்கத்தில் தங்கள் வீட்டில் கொதித்த தேத்தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடிப்பதில்லை என்பது அவளுக்கு அப்போது நினைவில் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கணவரின் வேட்டிகளுக்கு நீலம் போட உட்கார்ந்தவள், கைதவறிப் பொட்டலம் முழுவதையும் கானுக்குள் கொட்டிவிட்டாள். மனுஷன் கண்டால் வாய் ஓயாது என்று பயந்து, பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மத்தியானம் உலைக்கு அள்ளிய தண்ணீரை வெள்ளை எனாமல் சட்டியில் ஊற்றியபோது அது இளநீலமாக இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு வாளி அள்ளினாள். அதுவும் நீலம்தான்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கானைத் திரும்பிப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் நாளைக்குத் தெளிந்துவிடும், ஊரில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு நினைப்பும் வராமல் இல்லை. அந்த நேரம் பார்த்துக் குணலட்சுமி செம்போடு வந்தாள். காய்ச்சல்காரிக்குக் கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சி என்று பச்சையாகவே கொடுத்து வந்தாள், பாவம்.

"அக்கா, உதைப் பிள்ளைக்குக் குடுக்காதையுங்கோ." மீனாம்பிகை செம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடை குழியின்ரை கண்ணும் கிணத்தின்ரை கண்ணும் ஒண்டுதான். எங்கடை ஊத்தையைத்தான் உங்கடை பிள்ளை குடிச்சிருக்கு."

குணலட்சுமி சட்டியில் இருந்த நீலத்தைப் பார்த்தாள். ஏசுவாள், மண்ணள்ளித் திட்டுவாள் என்று மீனாம்பிகை தலை குனிந்து நின்றாள். அவளோ தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையாலைதானே பருக்கினனான்," என்றாள்.

நாலு ஏச்சு ஏசியிருந்தால் மீனாம்பிகை தாங்கியிருப்பாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கிணற்றடியில் நீலம் சிந்தியிருக்கும் என்று அருளம்பலம் முதலில் சாதித்துப் பார்த்தார். பிறகு வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, ஏரம்புவைக் கூப்பிட்டனுப்பிக் குழியைத் தூர்த்தார். மீனாம்பிகை நாள்தோறும் கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ளி, கொதிக்கவைத்து ஆற்றி, குடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். குணலட்சுமி வாங்குவாள். ஒரு சொல் கதைக்கமாட்டாள்.

பதின்மூன்றாம் நாள் காலை பராசக்தி காய்ச்சல் விட்டு எழும்பிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மீனாம்பிகை நீட்டிய குடத்தைக் குணலட்சுமி வாங்கவில்லை. தண்ணீர் பருக்குகிற மூக்குப்பேணியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நீயே பருக்கு, தங்கச்சி," என்றாள்.

மீனாம்பிகை பேணியைப் பிள்ளையின் வாய்க்குச் சரித்தாள். பாதித் தண்ணீர் பிள்ளையின் சட்டையில் சிந்திற்று. பராசக்தி மிச்சத்தைக் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றாள்.