காயாத மை

ஆலங்குடிப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் முத்துராமனுக்குப் படம் வரையத் தெரியும். மை காய்ச்சத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருடைய நான்கு வயது மகள் செவந்தி, 1957 ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ ஒன்றுகூட எடுத்து வைத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே மாஸ்டர் ஒரு செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் அவள் முகத்தைக் கீறி, நகைப் பத்தரிடம் வாங்கிய திராவகத்தை ஊற்றினார். கீறிய இடமெல்லாம் பள்ளமானது. பள்ளத்தில் மையை நிரப்பித் தாளில் ஒற்றினால் முகம் வந்துவிடும். மெட்ராஸில் கற்ற வித்தை. அங்கே மை டப்பாவில் வரும்.

இங்கே டப்பா ஏது? கொட்டாங்கச்சிக் கரியை அரைத்தார். விளக்குப் புகையைச் சட்டியில் பிடித்துச் சுரண்டினார். உடம்புச் சூடு நிறத்தில் தெரியட்டும் என்று ஒரு சிட்டிகை செம்மண்ணையும் துணியில் சலித்துச் சேர்த்தார். அதுவரை சரி. எண்ணெயில்தான் சறுக்கினார். செக்கு ஆட்டும் மூக்கனிடம் போய், பொடியைக் குழைத்து மையாக்க ஆளிவிதை எண்ணெய் கேட்டார்.

"அதெல்லாம் இங்கிட்டு யாரு ஆட்டுறா? கடலெண்ணெய் கொண்டு போங்க சார். நல்லாக் காய்ச்சுனா எல்லாம் ஒண்ணுதான்."

கடலை விளைகிற ஊர், மாஸ்டரும் தலையாட்டிவிட்டார். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும், கடலை எண்ணெய் என்றைக்கும் இறுகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

இருந்த ஒரே நல்ல தாளை நனைத்துத் தகட்டின்மேல் விரித்து, கம்பளியைப் போட்டு, உலக்கையை உருட்டினார். தாளைப் பிரித்தால் செவந்தி சிரித்தாள். பெற்றவள் அமிர்தவல்லி வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு தினமும் அந்தக் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் அவள் அடுப்பையே பற்றவைப்பாள். தடவாமல் இருப்பாளா? பொங்கலுக்குள் கன்னம் மூக்கோடு கலந்தது. எண்ணெய் பரவி, வடை மடித்த தாள் மாதிரி ஆனது. பங்குனியில் ஒரு கறைதான் மிச்சம்.

"ஏங்க, புள்ளைய நானே அழிச்சுப்புட்டேனே!"

"அழாத அமிர்தம். தகடு இருக்குல்ல, இன்னொண்ணு எடுத்துத் தாரேன்."

அவள் ஓடிப்போய்ச் சாமி மாடத்திலிருந்து தகட்டை எடுத்து வந்தாள். "களிம்பு ஏற விடலைங்க. வெள்ளிக்கெழம தவறாம புளியும் செங்கப்பொடியும் வச்சுத் தேய்ச்சிருக்கேன்."

மாஸ்டர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பத்தர் கொடுத்த திராவகத்தில் தண்ணீர் அதிகம். பள்ளங்கள் அப்போதே ஆழமில்லை. இப்போது ஒரு கோடுகூட இல்லை. அவளைத் திட்ட வாய் வரவில்லை. செப்பைத் தேய்க்காமல் யார் வைத்திருப்பார்கள்? சொல்லாதது அவர் குற்றம்.

"தேஞ்சுபோச்சு அமிர்தம்" என்றார்.

அவள் தகட்டை வாங்கி மாடத்திலேயே வைத்தாள். பிறகு, "போகட்டும். நீங்க வரைஞ்சதுதானே, புதுசா வரைஞ்சு தாங்க" என்றாள்.

மாஸ்டர் கரித்துண்டை எடுத்தார். புருவத்தோடு கை நின்றது. இந்த ஐந்து மாதமும் அவர் மகளைப் பார்த்தது அந்தத் தாளில்தான். அது கலையக் கலைய அவருக்குள்ளும் கலைந்திருக்கிறது.

"எப்புடி இருப்பா? நீ சொல்லு" என்று கேட்டார்.

அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தக் கறைதாங்க தெரியுது" என்றாள்.