முன் அறைக்கு ஒற்றைக் கண்ணாடி

ஜன்னல் கடைக்காரருக்கு வாய் ஓயவில்லை. ரப்பர் பட்டையை இழுத்துக் காட்டினார், கொக்கியைத் திருகிக் காட்டினார், பிளாஸ்டிக் சட்டத்தை வெட்டி வைத்த துண்டு ஒன்றை அவள் கையில் திணித்தார். உள்ளே இரும்பு இருக்கிறதாம், வளையவே வளையாதாம். வளைந்தால்தான் என்ன? மகன் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனதிலிருந்து அவளுக்கு மனசு மரத்துத்தான் கிடந்தது. நல்லது கெட்டது எதுவும் உறைக்கவில்லை.

கணவர் மட்டும் குறியாக இருந்தார். பழைய மர ஜன்னல்கள் உளுத்துவிட்டன, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது, எல்லாவற்றையும் மாற்றியே தீரவேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். மகனிடமும் அப்படித்தான் நின்றார்.

"எல்லாத்துக்கும் ரெட்டைக் கண்ணாடியே போட்ருங்க சார். தெருவுல என்ன சத்தம் போட்டாலும் உள்ள கேக்காது."

"கேக்காதா?" அன்றைக்கு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"நிம்மதியா தூங்கலாம்மா."

தூங்கவா அவள் முன் அறையில் படுக்கிறாள்? நல்ல கதை! நேரங்கழித்து வந்தால் மகன் மணியை அழுத்தமாட்டான். அப்பா எழுந்துவிட்டால் தொலைந்தான். முன் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று மெல்லச் சீட்டியடிப்பான். அவள் பூனை மாதிரி போய்க் கதவைத் திறப்பாள். அவன் போன பிறகும் அவள் படுக்கையை மாற்றவில்லை. உள் அறை புழுக்கம் என்று கணவரிடம் சாக்குச் சொல்லிவைத்திருந்தாள். இடி விழுந்தாலும் எழாத மனிதர், அவருக்கு என்ன தெரியப்போகிறது?

கடையில் மாதிரிக்கென்று ஒரு சிறிய அறை இருந்தது. ஒரு சுவரில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், எதிர்ச்சுவரில் ஒற்றைக் கண்ணாடி.

"நான் உள்ள நிக்கிறேன். நீங்க வெளிய நின்னு ஏதாவது மெதுவா சத்தம் குடுங்க" என்றாள் கணவரிடம். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால் அவர் உதடு குவிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார்.

குட்டையாக இரண்டு. கொஞ்சம் விட்டு, நீளமாக ஒன்று.

மகனுடைய சீட்டியேதான். இந்த மனிதர் சீட்டியடித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அடப்பாவி மனுஷா, அத்தனை நாளும் தூங்கவில்லையா?

அவள் வெளியே வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கடைக்காரரிடம் பேசினார்.

"முன் ரூமுக்கு மட்டும் ஒத்தக் கண்ணாடி."

"சார், தெருவ பாத்த ரூமாச்சே! அங்கதான் சத்தம் ஜாஸ்தி. தூக்கம் கெடுமே?"

"இப்பவும் யாரும் தூங்கல" என்றார் அவர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. சட்டத் துண்டு இன்னும் கையிலேயே இருந்தது. அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.