கடைமடைத் தண்ணீர்

“நீ கேட்டா இந்த நிலத்தைக் குடுத்துருவேன், ஃபினா. அதனால கேக்காத.”

“கேக்கமாட்டேன். உன் காப்பியே தொண்டையில இறங்கல. நிலம் வேறயா?”

ஒன்பது வருஷத்துக்கு முன் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஆர்லோவும் டெல்ஃபினாவும் பேசிய பேச்சு இது. அவள் அப்போதுதான் பாலோ செக்கோ நகரசபையில் நிலம் வாங்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பாலைவனத்து ஊர். கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டிருந்தன. மேற்குப் பள்ளத்தாக்கின் பண்ணைகளை வாங்கி, அவற்றுக்குச் சேரவேண்டிய ஆற்றுநீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவர முடிவாகியிருந்தது.

டெல்ஃபினா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தலைமடையிலிருந்து ஆறு பண்ணைகளை வாங்கினாள்; கடைமடை ஆர்லோவை மட்டும் கேட்கவேயில்லை. அவன்மேல் வைத்த பிரியத்துக்கு அதுதான் மரியாதை என்று நினைத்தாள். அந்தப் பிரியத்தையும் வாய்திறந்து சொல்லவில்லை. நிலம் வாங்குகிறவள் கல்யாணப் பேச்சை எடுத்தால், தண்ணீருக்குப் போட்ட தூண்டில் என்று பள்ளத்தாக்கே சிரிக்கும். வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

ஒன்றை மட்டும் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஏழு பண்ணைத் தண்ணீரும் சேர்ந்து ஓடினால்தான் அந்த மண்வாய்க்காலில் வேகம் இருக்கும். ஒருவன் பங்கை மட்டும் திறந்துவிட்டால் நான்கு மைல் மணலும் அதைக் குடித்துவிடும். மற்ற ஆறு பங்கும் குழாய்க்குத் திரும்பிய இந்தக் கோடையில் ஆர்லோவின் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றுபோனது.

வாங்கியவரை போதும், இனி நிலம் வாங்குவதில்லை என்று சபை போன வாரம் கணக்கை மூடியது. சனிக்கிழமை காலை டெல்ஃபினா வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வயலில் மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட குதிரைமசால் தரையோடு கருகிக் கிடந்தது. வீட்டு வாசலில் ஆர்லோ தன் வண்டியில் சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஊர்ல தண்ணி நல்லா வருதா?”

“வருது.”

“வராம என்ன. அங்க இருக்கிற எங்க அக்கா தினம் ரெண்டு தடவை குளிக்கிறாளாம். அறுபது வருஷத்து அழுக்கு, போகட்டும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“உன்னைத்தான் நான் முதல்ல கேட்டிருக்கணும், ஆர்லோ. நல்ல விலைக்குப் போயிருக்கும்.”

“கேக்காதன்னது நான்தான. என் வீம்பு. நீயாவது மீறியிருக்கலாம்.” முடிச்சை இழுத்துப் பார்த்தான். “திங்கக்கிழமை ஐடஹோ கிளம்புறேன். தம்பி பண்ணைக்கு ஆள் வேணுமாம்.”

“திரும்பி வருவியா?”

“எதுக்கு? மணலுக்குத் தண்ணி காட்டவா?”

கயிற்றின் மறுமுனை அவள் பக்கம் தொங்கியது. அவள் அதை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். இனி இவனிடமிருந்து வாங்க அவளுக்கு எதுவும் இல்லை. தூண்டில் என்று சொல்லவும் பள்ளத்தாக்கில் ஆளில்லை. இத்தனையும் காய்ந்த பிறகா இதைச் சொல்லவேண்டும் என்று இருந்தது.

“எங்க போனாலும் சரி,” என்றாள், “நான் உன்கூட வந்து இருக்கட்டுமா, ஆர்லோ?”