விளக்கு வைக்கும் நேரத்துப் பூச்சிகள்

ஐப்பசி மழை விட்ட கையோடு தி. நகரில் தங்கவேல் அண்ணாச்சி வீட்டுக்கு அழைக்காத விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். பச்சை நிறம், விரல் நகம் அளவு, கேடயம் மாதிரி முதுகு. பக்கத்துக் காலிமனைப் புதரிலிருந்து பொழுது சாய்ந்ததும் கிளம்பி, வெளிச்சத்தைப் பார்த்து நேரே முதல் மாடிக்கு வந்துவிடும். சும்மா விட்டால் பரம சாது. நசுக்கினால் போச்சு. கொத்தமல்லிக் கட்டை பிளாஸ்டிக் பையில் முடிந்து மறந்துபோனது போல ஒரு வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது.

அண்ணாச்சி நசுக்கினார். ஜவுளிக்கடைக்காரர். துணிமேல் பூச்சி உட்கார்ந்தால் அவர் கை அவர் பேச்சைக் கேட்காது.

அவரும் மனைவி செண்பகமும் மகன் செந்தில்குமாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சமாளித்தார்கள். மருமகள் அனுப்ரியாவால்தான் முடியவில்லை. மூன்றாவது மாதம். காலையில் தின்ற இட்லியே நிற்காத உடம்பில், சாயங்காலம் அந்த வாடை ஏறினால் தண்ணீர்கூடத் தங்குவதில்லை. எடை இறங்குகிறதே என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். மருந்தடிக்க வந்த நதீம், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு என்று தெரிந்ததும் டப்பாவைத் திறக்காமலே போய்விட்டார். செண்பகம் வேப்பிலைப் புகை போட்டுப் பார்த்தாள். பூச்சி இருந்தது, மருமகள்தான் பால்கனிக்கு ஓடினாள்.

இதற்கு வழி தெரியாதவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை. அந்தி நேரத்தில் லைட்டை நிறுத்திக் கதவைச் சாத்தினால் ஒரு பூச்சி வராது. ஆனால் அந்த நேரம்தான் லட்சுமி வருகிற நேரம். வாசல் கதவு விரியத் திறந்திருக்க வேண்டும், வீடு முழுக்க ஜெகஜோதியாக எரிய வேண்டும். கடையில்கூட ராத்திரி ‘மூடு’ என்ற சொல் அண்ணாச்சி வாயில் வராது. ‘எடுத்து வை’ என்பார். அவரிடம் போய் யார் சொல்வது? செந்தில்குமார் அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே இஞ்ச் டேப் மாதிரி நீண்டு சுருண்டுகொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் அனுப்ரியா தோளில் பையோடு ஹாலுக்கு வந்து நின்றாள்.

“நந்தனம் போறேன் மாமா. பிரசவம் வரைக்கும் அம்மா வீட்லயே இருந்துடறேன்.”

நந்தனம் ஒன்றும் வெளிநாடு இல்லை, ஆட்டோவில் ஏறினால் வந்துவிடும். ஆனாலும் அண்ணாச்சியின் கணக்கு வேறு. பேரப்பிள்ளை வளர்கிற மாதமெல்லாம் வேறு வீட்டிலா? படி இறங்கின ஆள் திரும்பி வந்ததாக அவருடைய வியாபாரத்தில் சரித்திரமே கிடையாது. எழுந்தவரைப் படி இறங்க விடாதே என்பதுதான் அவர் கற்ற தொழில். வாய் தானாகப் பேசிற்று.

“செத்த உக்காரும்மா. என்ன குறைன்னு சொல்லிட்டுப் போ. நீ ஒண்ணு சொல்லு, நான் ஒண்ணு சொல்லுதேன்.”

அனுப்ரியா உட்காரவில்லை. பையையும் இறக்கவில்லை. விவரமான வாடிக்கையாளர்.

“சாயங்காலம் ஆனா லைட்டை அணைச்சிட்டுக் கதவைச் சாத்தணும்.”

“அணைக்கன்னு சொல்லாதம்மா.”

“சரி, நிறுத்தணும்.”

“ஹால்ல மட்டும் எரியட்டுமே.”

“ஹாலுக்குத்தான் மாமா பூச்சியே வருது.”

“சாமி விளக்கு?”

“அது எரியட்டும். கதவு சாத்தியிருந்தாப் போதும்.”

“வாசல்ல ஒரே ஒரு பல்பு.”

அனுப்ரியா பையை மறு தோளுக்கு மாற்றினாள். இந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும்.

“மாடியில இல்லம்மா. கீழ, தெரு கேட்டுல. இதுக்கு மேல எனக்குக் கட்டாது.”

செண்பகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அனுப்ரியா பையை இறக்கினாள். புடவை எடுத்து முடித்தவர்கள் கடைசியில் கட்டைப்பை ஒன்று கேட்பார்களே, அதுபோல அவளும் கேட்டாள்: “இனிமே பூச்சிய நசுக்கவும் கூடாது.”

அன்றே மாடி இருண்டது. அண்ணாச்சி கீழே கேட்டில் ஒயர் இழுத்து பல்பு மாட்டி, அடியில் ஒரு டப்பில் சோப்புத் தண்ணீர் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பாலுவுக்குக் குழப்பம்.

“இன்னா அண்ணாச்சி, இங்க குந்திக்கினு கீறீங்க? மேல கரண்ட் இல்லியா?”

“கரண்ட் இருக்கு. லட்சுமி வார நேரம். மேல இருட்டா இருக்கேன்னு அவ திரும்பிப் போயிட்டா? அதான் வழி சொல்ல ஆள் உக்காந்திருக்கேன்.”

பூச்சிகள் பல்பைச் சுற்றின. சில டப்பில் விழுந்தன. ஒன்று மட்டும் அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் வந்து அமர்ந்தது. கை எழுந்தது. பாதியில் நின்றது.

மேலே இருட்டில் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. பிறகு அனுப்ரியாவின் குரல். “அத்தை, இன்னும் கொஞ்சம் ரசம்.”

அண்ணாச்சி கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பூச்சி அதன்பாட்டுக்குப் பாக்கெட்டில் இருந்தது.