நானூற்றுப் பதினேழாம் கண்ணாடி

கொட்டாஞ்சேனையிலிருந்த அந்த இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம். நோயாளியின் பெயரை அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்கள்; இரத்தம் தடவிய கண்ணாடியில் இலக்கம் மட்டும் இருக்கும். இருவர் தனித்தனியே நுணுக்குக்காட்டியில் இருநூறு பார்வை வட்டங்களைப் பார்த்து, முடிவைத் துண்டில் எழுதி, மடித்து பிஸ்கட் தகர ரின்னுக்குள் போடவேண்டும். முடிவுகள் முரண்பட்டால், யார் எதை எழுதினார் என்று தெரியாத மூன்றாமவர் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி பார்த்துவந்த றேமண்டுக்கு இது வீண் சடங்காகவே பட்டது.

தொண்ணூற்றேழில் ஒரு வெள்ளிக்கிழமை, நானூற்றுப் பதினேழு முரண்பட்டது. ஒரு துண்டில் 'இல்லை', மற்றதில் 'மலேரியா'.

"ஆரப்பா காய்ச்சல்காரர் எல்லாருக்கும் மலேரியா குடுக்கிறது?" 'இல்லை' எழுதிய றேமண்ட் சிரித்தார்.

"வாயை மூடுங்கோ அண்ணை, ரூல்ஸ்!" என்றாள் மற்றத் துண்டை எழுதிய டோரின்.

மூன்றாவதாக ஜவாஹிறா குனிந்தாள். றேமண்டுக்குப் பயமில்லை. காலையில் நானூற்றுப் பதினேழாம் ஆளின் விரலில் ஊசி குத்தும்போது பார்த்திருந்தார். கையில் பொலிஸ் பதிவுத் தாள், அதில் வெள்ளவத்தை முகவரி. கொழும்பில் மலேரியா ஏது? நூறு வட்டத்தோடு நிறுத்திவிட்டார்.

"நூறு முடிஞ்சி. ஒண்டுமில்ல," என்றாள் ஜவாஹிறா. ஆனால் நிமிரவில்லை. "நூத்தி அறுபத்திமூணு... இந்தா ஈக்குது! மோதிரம் மாதிரி. ரெண்டு."

றேமண்ட் பாய்ந்து குனிந்தார். பொட்டு வைத்த ஊதா வளையங்கள், மலேரியாக் கிருமியேதான். அப்போதுதான் உறைத்தது: மலேரியா மலிந்த வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து தங்குகிற எல்லோருக்கும் பொலிஸ் தாளில் வெள்ளவத்தை லொட்ஜ்தானே முகவரி! நாலு மணிக்கு வார்ட்டிலிருந்து ஆளை வீட்டுக்கு விடுவார்கள். மணி நாலாகப் பத்து நிமிடம்.

வார்ட்டுத் தாதியை அழைக்கத் தொலைபேசியைப் பறித்தார். "மிஸ்ஸி, நானூற்றுப் பதினேழை விடாதேங்கோ, மலேரியா!"

"ஆள் சேர்ட்டும் போட்டிட்டார்... சரி, திருப்பிப் படுக்கச் சொல்லுறன்."

றேமண்ட் கதிரையில் விழுந்தார். "பிழை என்ரை. ஆளைப் பார்த்திட்டுக் கண்ணாடியைப் பார்த்தனான்."

"அப்ப காலையில நீங்கள் பார்த்த முப்பது கண்ணாடியையும் நாங்கள் திருப்பிப் பார்க்கவேணும், அண்ணை," என்றாள் டோரின்.

"ஓம். பாருங்கோ."

அந்த யுத்தக் காலத்தில், தெருவில் ஒவ்வொரு சோதனைச்சாவடியும் பெயரையும் ஊரையும் கேட்டே ஒரு மனிதனை முடிவுசெய்தது. இந்த மேசை இரண்டையுமே கேட்கவில்லை. டோரினின் கண் தன் கண்ணைவிடக் கூர்மையானதில்லை என்று றேமண்டுக்குத் தெரியும். அவளுக்கு அந்த ஆள் யாரென்று தெரியாது, அவ்வளவுதான். ஒருவரையும் முழுதாக நம்பாத ஒரு தகர ரின், மூன்று சாதாரண ஆட்களைக்கொண்டு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது.

அந்த முப்பதில் முதல் கண்ணாடிக்கான இரண்டு துண்டுகளும் ரின்னுக்குள் விழுந்தன. றேமண்ட் மூச்சுவிடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.