காய்ச்சல் என்று போட்ட லீவு

ஞாயிறு பின்னேரம் என் வயிற்றில் முதல் கொப்புளம் தெரிந்தது. நீர் கட்டி, சுற்றிவரச் சிவந்திருந்தது. இரவுக்குள் முதுகிலும் முகத்திலும் வந்துவிட்டன. தரம் ஆறில் ஒரு பிள்ளை ஏன் இவ்வளவு நாளாக வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"கொப்புளிப்பான்," என்றேன்.

"அப்பிடிச் சொல்லாத மகள்," என்றார் அம்மா. "அம்மாள் வந்திரிக்கா."

விடியுமுன் வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. இனித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வரை வெளியாள் யாரும் உள்ளே வரமாட்டார்கள். நானும் வெளியே போகமுடியாது. ஆஸ்பத்திரி இல்லை, மருந்து இல்லை. அம்மா ஜன்னலைச் சாத்தினார். என் போனையும் சூடு என்று வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் லீவுக்கு வைத்தியர் எழுதித் தரும் மெடிக்கல் எடுக்கமுடியாது. வவுணதீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா தன் போனில் அதிபர் யோகராசாவுக்குத் தானே எடுத்தார்.

"சேர், மகளுக்கு அம்மாள் வந்திரிக்கா."

அதிபர் அம்மன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்.

"அம்மாள் வந்த வீட்ட மெடிக்கல் கேக்கிறதா," என்றார். "நான் காய்ச்சல் எண்டு போட்டு லீவில கழிக்கிறன். பிள்ளைய ஆறுதலா இரிக்கச் சொல்லுங்க. ஒண்டு, ஸ்கூல்ல ஒருத்தருக்கும் சொல்லவேணாம். கல்விக் கந்தோரால ஆக்கள் பாக்க வாற கிழமை இது. பிள்ளையள் பயந்து வராம நிண்டிருங்கள்."

"நல்ல மனிசன்," என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் றுமைஸா டீச்சரின் நினைவு வந்தது.

றுமைஸா ஏறாவூரிலிருந்து வருகிறார். கணிதம். ஆய்வுகூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. வெள்ளிக்கிழமை முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் விடைத்தாள் திருத்தினேன். அவருக்கு இது நாலாம் மாதம். சின்னதில் தனக்கு ஒரு நோய்வருத்தமும் வந்ததில்லை, உம்மா பொத்திப் பொத்தி வளர்த்தவ என்று பெருமையாகச் சொல்வார்.

கொப்புளம் தெரியுமுன்பே இது தொற்றும். அதை நானே வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்கும் கூடாது. நேரத்தோடு போனால் இரத்தம் சோதித்து, தேவையென்றால் ஊசி போடுவார்கள். பிந்தினால் பயனில்லை.

"அம்மா, றுமைஸாட்ட மட்டும் சொல்லணும்."

"அம்மாளப் பத்தி ஊரெல்லாம் கதைக்காத. கோவிப்பா."

"அவட வயித்தில பிள்ள."

"பிள்ளத்தாச்சிய அம்மாளுக்குத் தெரியாதா?"

என்னால் வாதாட முடியாது. எப்போதும் அப்படித்தான். பாயில் பரப்பிய வேப்பிலைமேல் திரும்பிப் படுத்தேன்.

அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் எழும்பி அலுமாரியைத் திறந்து போனை எடுத்தேன்.

"என்னகா, காய்ச்சலாமே," என்றார் றுமைஸா. "ஒங்கட பாடமும் என்ட தலையிலதான். தரம் ஆறு என்னத் திண்டு முடிக்கிது."

"காய்ச்சல் இல்ல டீச்சர். கொப்புளிப்பான்."

வகுப்பின் சத்தம் குறைந்தது; வெளியே வந்திருப்பார்.

"சேர் அப்பிடிச் சொல்லல்லியே."

"இண்டைக்கே கிளினிக்குப் போங்க. ரத்தம் பாக்கச் சொல்லுங்க."

சற்றுநேரத்தில் அவரே திருப்பி எடுத்தார்.

"சேர் போக விடுறாரில்ல. ஏற்கெனவே அஞ்சு பேர் லீவாம். ஆரு சொன்ன அது கொப்புளிப்பான் எண்டு கேக்காரு. காய்ச்சலெண்டுதான் பதிஞ்சிரிக்காம். ஒங்களுக்கு டொக்டர் எழுதித்தந்த துண்டு ஏதும் இரிக்கா?"

"இல்ல."

"அப்ப நான் என்னத்தக் காட்டுற, புள்ள?"

கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. காட்டுவதற்கு என்னிடம் இருந்தது என் முகம் மட்டும்தான்.

ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் படம் எடுத்தேன். எங்கள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் நான் இதுவரை எழுதியது "நன்றி சேர்" மட்டும். விளையாட்டுப் போட்டிப் படங்களிலும் யாருடைய தோளுக்காவது பின்னால்தான் நிற்பேன். கண்ணிமையிலும் உதட்டோரத்திலும் கொப்புளத்தோடு இருந்த அந்த முகத்தை அங்கே போட்டேன். கீழே எழுதினேன்: "இது கொப்புளிப்பான். வெள்ளிக்கிழமை பாடசாலையில் இருந்தேன். கர்ப்பிணி ஆசிரியைகள் இன்றே வைத்தியரிடம் போகவும். பிள்ளைகளையும் கவனிக்கவும்."

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். உதயரூபன் சேர், எல்லாவற்றுக்கும் பகிடி விடுபவர், "ஆர் இது?" என்று போட்டார்.

அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். "நான்தான், கம்சாயினி," என்று எழுதினேன்.

கொஞ்சத்தில் றுமைஸாவின் குரல்பதிவு வந்தது. "வெளிக்கிட்டுட்டன் புள்ள. சேர் மறிக்கல்ல. டொக்டருக்கும் இந்தப் படத்தத்தான் காட்டப்போறன். துஆ செய்ங்க."

அடுத்ததாக அம்மாவின் போன் அடித்தது.

"ஓம் சேர். இல்ல சேர். எனக்குத் தெரியாது சேர்."

அம்மா உள்ளே வந்தார். ஜன்னலைச் சாத்தினார். கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"பிள்ள தெரியாமச் செய்திட்டா தாயே," என்றார், சாமிப்படத்தைப் பார்த்து.

"தெரிஞ்சுதான் செய்தன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"சேர் இப்ப மெடிக்கல் கேக்கார். மெடிக்கல் இல்லாட்டிச் சம்பளமில்லாத லீவாம். மேலிடத்துக்கும் எழுதுவாராம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"தண்ணி வாத்தாப் பிறகு."

அதற்குள் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிடும். எந்த டொக்டர் எழுதித் தருவார்? அம்மாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கதவை வெளியால் கொளுவினார்.

இப்போது உடம்பெல்லாம் பரவி, கடிக்கிறது. சாப்பாடு கொண்டுவரும்போது அம்மாவிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

"றுமைஸாவுக்கு ஊசி போட்டாங்களா எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா."

"சொறியாத," என்கிறார். வேப்பங்குழையால் முதுகைத் தடவிவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகிறார்.